தறி: டிஎஸ்பி சிப்புக்கு ஒரு பிளாக் சைஃபர் செய்து பார்ப்போம்

பல வருடங்களுக்கு முன்னால், பழைய டிஎஸ்பி போர்டு (ஒலி போன்ற சிக்னல்களைக் கணக்கிடவே செய்த சிப் உள்ள போர்டு) ஒன்றில் சொந்தமாக ஒரு சைஃபர், அதாவது சாவி வைத்துத் தகவலைப் பூட்டும் முறை, எழுதினேன். போர்டிலேயே என்கிரிப்ட் செய்தேன் (பூட்டினேன்), போர்டிலேயே டிகிரிப்ட் செய்தேன் (திறந்தேன்), கொடுத்தது அப்படியே திரும்பி வந்தது. லட்சம் பிளாக், அதாவது சம அளவுத் துண்டு, ஓட்டியும் ஒரு பிழை இல்லை. அதே சாவியை வைத்துக் கணினியில் திறந்தால் வந்தது முழுக் குப்பை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: நான் எழுதிய ஒவ்வொரு பெருக்கலின் விடையையும் அந்த சிப் சத்தமில்லாமல் இரட்டிப்பாக்கிக்கொண்டிருந்தது. அது சிப்பின் தவறு இல்லை, அதன் கையேட்டில் இருக்கிற விஷயம்தான். என் சைஃபரைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த ஒன்றரைப் பக்கத்தில்தான் அது இல்லை.

அந்த இரண்டு நாளை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இது. சி மொழி ஓரளவு தெரிந்து, பிட்டுகளோடு கொஞ்சம் பழகியிருந்தால் போதும். சிறிய பிளாக் சைஃபர் ஒன்றை அடியிலிருந்து கட்டுவோம். பெயர் ‘தறி’. நாலு இழை குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் அந்தப் பெயர்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. தறியை எந்தப் பொருளிலும் வைத்து விற்காதீர்கள். அதற்கு ஏஇஎஸ் என்ற தர சைஃபர் இருக்கிறது. ‘சிப் சின்னது, ஏஇஎஸ் ஓடாது’ என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சாதாரணத் தொலைபேசிக் குரல் விநாடிக்கு 8,000 பைட். 64 பிட் பிளாக்காக வெட்டினால் விநாடிக்கு 1,000 பிளாக். ஒரு பிளாக்குக்கு 400 சைக்கிள் (சிப்பின் கடிகாரத் துடிப்பு) என்று வைத்தாலும் 4 லட்சம். 100 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு அது நூற்றில் அரை பங்குகூட இல்லை. ஏஇஎஸ் இதைவிடப் பல மடங்கு மெதுவாக ஓடினாலும் குரலுக்கு இடம் மிஞ்சும். ஆகவே வேகம் ஒரு சாக்கு இல்லை. சைஃபர் எப்படி உயிர் பிழைக்கிறது, எப்படிச் சாகிறது என்று கையால் செய்து கற்றுக்கொள்ளத்தான் இந்த வேலை.

சிப்பைப் படியுங்கள்

எடுத்துக்காட்டாக டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி54 குடும்பத்தை வைத்துக்கொள்கிறேன். பழைய சரக்குதான், ஆனால் 16 பிட் டிஎஸ்பியின் குணம் எல்லாம் அதில் அப்பட்டமாகத் தெரியும். அதே குணங்களில் பல இன்றும் மோட்டார் கட்டுப்பாட்டில் ஓடும் சி28 சிப்களிலும் உண்டு.

டிஎஸ்பியின் பிழைப்பே பெருக்கிக் கூட்டுவது. வடிகட்டி, மோடம், குரல் சுருக்கம் எல்லாம் அடியில் அதுதான். அதனால் சாதாரண மைக்ரோகன்ட்ரோலரில் விலை அதிகமான பெருக்கல் இங்கே ஒரே சைக்கிளில் முடியும். இரண்டு 16 பிட் எண்ணைப் பெருக்கினால் 32 பிட் விடை முழுதாக அக்யுமுலேட்டர் என்ற விடைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். அக்யுமுலேட்டரின் அகலம் 40 பிட். மேல் பாதியைத் தனியாக, கீழ்ப் பாதியைத் தனியாக நினைவகத்தில் வைக்கத் தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. சுற்று முகவரி (கடைசி இடத்துக்குப் பின் தானாக முதல் இடத்துக்குத் திரும்புவது) இருப்பதால் எட்டு வார்த்தை கொண்ட வளையத்தைக் கூடுதல் செலவில்லாமல் சுற்றி வரலாம். ‘வார்த்தை’ என்று நான் இங்கே சொல்வதெல்லாம் ஒரு 16 பிட் எண்.

இல்லாதவையும் முக்கியம். ஒரு எண்ணை 5 பிட் அல்லது 7 பிட் சுழற்ற (ஒரு முனையில் விழும் பிட் மறு முனையில் ஏறும்படி நகர்த்த) வேண்டுமென்றால் நேரடிக் கட்டளை கிடையாது. கேரி (கூட்டலில் மிஞ்சும் பிட்) வழியாக ஒவ்வொரு பிட்டாகத்தான் சுழலும். ஆர்சி5, ஆர்சி6 போலத் தரவைப் பொறுத்துச் சுழற்றும் சைஃபர்கள் இங்கே தடுமாறும். ஏஇஎஸ்ஸுக்கு முந்தைய தரமான டிஇஎஸ்ஸில் பிட்டுகளை இடம் மாற்றும் வேலை அதிகம், அதுவும் இந்த சிப்புக்குப் பிடிக்காது.

பைட்டே கிடையாது என்பது அடுத்தது. நினைவகத்தின் மிகச் சிறிய அலகு 16 பிட். சி மொழியில் ‘சார்’ என்று அறிவித்தால் அதுவும் 16 பிட். ‘சைஸ்ஆஃப்’ கேட்டால் 1 என்று வெட்கமில்லாமல் பதில் சொல்லும். அனலாக் டிவைசஸின் பழைய ஷார்க் சிப்களில் அது 32 பிட். இணையத்தில் கிடைக்கும் ஏஇஎஸ் நிரலை எடுத்துப் போட்டு, ‘பைட் 255-ஐத் தாண்டினால் தானாகச் சுற்றி 0 ஆகும்’ என்று நம்பினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். அது 256 ஆகிவிடும்.

ஆக வடிவம் பாதி முடிவாகிவிட்டது: 16 பிட் வார்த்தை, நிறையப் பெருக்கல், சுழற்சி வேண்டாம், பைட் அட்டவணை வேண்டாம்.

எலும்புக்கூடு

பிளாக் 64 பிட், அதாவது நான்கு வார்த்தைகள்: அ, ஆ, இ, ஈ. சாவி 128 பிட், எட்டு வார்த்தைகள். சுற்றுகள் 32. ஒரு சுற்றில் நடப்பது இவ்வளவுதான்:

1. அ-வோடு அந்தச் சுற்றின் சாவியைக் கூட்டி, 65536-ஆல் வகுத்த மீதியை எடு. இதை ‘த’ என்போம்.
2. த-வை ‘கலக்கி’ என்ற சார்புக்குள் அனுப்பு.
3. வந்த விடையை ஆ-வோடு எக்ஸோர் செய் (இரு பிட்டும் ஒன்றானால் 0, வேறானால் 1).
4. நான்கையும் ஒரு இடம் இடப்பக்கம் தள்ளு: ஆ முதலிடத்துக்கு வரும், பழைய அ கடைசிக்குப் போகும்.

ஒரு பகுதியை வைத்து இன்னொரு பகுதியை மாற்றும் ஃபைஸ்டல் அமைப்பின் நாலு இழை வடிவம் இது. ஃபைஸ்டலின் பெரிய வசதி, கலக்கியைப் பின்னோக்கி ஓட்ட முடியாவிட்டாலும் பரவாயில்லை என்பது. அ மாறாமல் அப்படியே கடைசிக்குப் போகிறது அல்லவா? டிகிரிப்ட் செய்யும்போது அதே அ-வை எடுத்து, அதே கலக்கியை முன்னோக்கியே ஓட்டி, மறுபடி எக்ஸோர் செய்தால் பழைய ஆ வந்துவிடும். வசதியான இந்தக் குணம்தான் என் இரண்டு நாளைத் தின்றது. கலக்கி தவறாகக் கணக்கிட்டாலும், இரண்டு தடவையும் ஒரே மாதிரித் தவறினால் கொடுத்தது திரும்பி வரும்! ஃபைஸ்டல் சைஃபரில் ‘பூட்டித் திறந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது’ என்ற சோதனைக்கு மதிப்பெண் பூஜ்யம்.

நான்காவது படியில் எண்களை நிஜமாக நகர்த்த வேண்டாம். 32 என்பது 4-இன் மடங்கு. நான்கு சுற்றை விரித்து எழுதி, அதை எட்டு முறை ஓட்டினால், பெயர்கள்தான் மாறும், எண்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் ஆவணத்தில், கடைசிச் சுற்றிலும் தள்ளுதல் உண்டு என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் பாதிப் பேர் அதை விட்டுவிட்டு எழுதுவார்கள்.

கலக்கி: கொஞ்சம் நிதானமாக

த × (2த + 1). 1998-இல் வந்த ஆர்சி6 பயன்படுத்திய கணக்கு இது, அங்கே 32 பிட்டில். 2த + 1-ஐயும் 16 பிட்டுக்குள் வெட்டிவிடுங்கள்.

இதன் அழகைச் சின்ன எண்ணில் பாருங்கள். 3 பிட், அதாவது 8-ஆல் வகுத்த மீதி. 0, 1, 2, 3, 4, 5, 6, 7 என்று கொடுத்தால் 0, 3, 2, 5, 4, 7, 6, 1 வருகிறது. எட்டும் ஒவ்வொரு முறை, எதுவும் இரட்டிக்கவில்லை. காரணமும் எளிது. வேறு வேறு இரண்டு எண் ஒரே விடை தந்தால், அவற்றின் வித்தியாசத்தை ஓர் ஒற்றைப்படை எண்ணால் பெருக்கியது 8-இன் மடங்காக வேண்டும். ஒற்றைப்படை எண் அதற்கு உதவாது, எனவே வித்தியாசமே 8-இன் மடங்கு, எனவே இரண்டும் ஒரே எண். இதே வாதம் 16 பிட்டுக்கும் பொருந்தும்.

அழகாக இருக்கிறதே, கீழ் 16 பிட்டை எடுத்து எக்ஸோர் செய்துவிடலாமே? புதியவர்கள் எல்லோரும் செய்வது அதுதான். சைஃபர் அந்த இடத்திலேயே செத்தது.

த = 1 கொடுங்கள்: 1 × 3 = 3. இப்போது உச்சி பிட்டை மட்டும் மாற்றி த = 32769 கொடுங்கள். 2த + 1 என்பது 65539, வெட்டினால் மறுபடியும் 3. 32769 × 3 = 98307; கீழ்ப் பாதி 32771. அது 3 + 32768. உச்சி பிட்டை மாற்றினால் விடையிலும் உச்சி பிட் மட்டுமே மாறுகிறது. த எதுவாக இருந்தாலும் இப்படித்தான், நூற்றுக்கு நூறு. சாவியைக் கூட்டினாலும் தப்பிக்க முடியாது, ஏனென்றால் உச்சி பிட்டிலிருந்து கேரி போக இடமே இல்லை. ஆக, எதிராளி இரண்டு செய்திகளை உச்சி பிட்டில் மட்டும் வேறுபடுத்திக் கொடுத்தால், சாவி எதுவானாலும், 32 சுற்று என்ன 3,200 சுற்று ஓட்டினாலும், வெளியே வரும் வேறுபாட்டை முன்கூட்டியே சொல்லிவிடலாம். எலி பீஹமும் ஆதி ஷமீரும் 1990-இல் வெளியிட்ட வேறுபாட்டுத் தாக்குதல் இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தேடுவதுதான். அவர்களுக்கு வழக்கமாகக் கிடைத்தவை சின்னச் சின்ன நிகழ்தகவுகள். நாம் தங்கத் தட்டில் வைத்து முழுதாகக் கொடுக்கிறோம்.

மருந்து கையிலேயே இருக்கிறது. பெருக்கலின் மேல் பாதியைத் தூக்கி எறியாமல், அதைக் கீழ்ப் பாதியோடு எக்ஸோர் செய்யுங்கள். கீழ் பிட்டுகளின் தாக்கம் மேலே ஏறும், மேல் பிட்டுகளின் தாக்கம் கீழே இறங்கும். த = 1-க்கு 3; த = 32769-க்கு மேல் பாதி 1, கீழ்ப் பாதி 32771, எக்ஸோர் 32770. இப்போது உச்சியோடு கடைசி பிட்டும் மாறியிருக்கிறது. டிஎஸ்பியில் மேல் பாதி எப்படியும் அக்யுமுலேட்டரில் சும்மா உட்கார்ந்திருப்பதால் ஓரிரு கட்டளையில் வேலை முடிகிறது. சுழற்சிக் கட்டளை இல்லாத குறையும் இதில் தீர்ந்தது.

எக்ஸோர் செய்த பிறகு கலக்கி ஒன்றுக்கு ஒன்று என்ற குணத்தை இழக்கும். ஃபைஸ்டல் என்பதால் கவலையில்லை. ஆனால் சின்ன எண்களில் ஒரு பலவீனம் மிஞ்சுகிறது: த 0 முதல் 180 வரை இருந்தால் பெருக்கல் 65536-ஐத் தொடாது, மேல் பாதி பூஜ்யம். 65536-இல் 181 எண்கள்தான், ஆனாலும் குறித்து வையுங்கள்.

‘சாவியாலேயே பெருக்கினால் என்ன, இன்னும் நன்றாகக் கலக்குமே’ என்று தோன்றும். சாவி வார்த்தை 0 ஆக வந்தால் விடை எப்போதும் 0. 1 ஆக வந்தால் பெருக்கலே நடக்காத மாதிரி. 1991-இல் வந்த ஐடியா என்ற சைஃபர் இதைத் தவிர்க்க 65537 என்ற பகா எண்ணின் மீதியில் பெருக்குகிறது, பூஜ்யத்தை 65536 என்று எண்ணிக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். அதிலும் பலவீனமான சாவிகள் ஒரு பெரிய கூட்டமாக 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டன. பூஜ்யத்துக்கு மட்டும் தனிக் கிளை எழுதினால் ஓடும் நேரமும் ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கும். நம் கலக்கியில் எண் தன்னோடு தானே பெருகுகிறது, சாவி கூட்டலில் மட்டும் வருகிறது. இந்தத் தொல்லை இல்லை.

16 பிட் கலக்கியில் இன்னொரு சொகுசு: முழுசாகச் சோதிக்கலாம். எல்லா உள்ளீட்டு வேறுபாட்டையும் எல்லா எண்ணோடும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 429 கோடி கணக்கு. மடிக்கணினியில் ஓட விட்டு ஒரு டீ குடித்து வரலாம். எந்த வேறுபாடு அதிகம் திரும்பத் திரும்ப வருகிறது என்ற அட்டவணையை எடுத்து ஆவணத்தில் போடுங்கள், அசிங்கமாக இருந்தாலும்.

எத்தனை சுற்று?

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். ஈ-யில் மட்டும் ஒரு மாற்றம் என்று புள்ளி வையுங்கள். முதல் சுற்றில் அது இ-க்கு நகரும், அடுத்து ஆ, மூன்றாவதில் அ. நான்காவதில் அ, ஈ இரண்டும் தொற்றியிருக்கும். ஐந்தாவதில் அ, இ, ஈ. ஆறாவதில் நான்கும். ஆக மோசமான நிலையிலும் 6 சுற்றில் மாற்றம் எல்லா இழைக்கும் பரவுகிறது.

நான் இங்கே பேனாவை மூடி வைத்துவிட்டேன். நீங்கள் வைக்காதீர்கள். அதே புள்ளியைப் பின்னோக்கி, டிகிரிப்ட் திசையில் ஓட்டுங்கள். அ-வில் மாற்றம். பின்னோக்கிய ஒவ்வொரு சுற்றிலும்: ஆ; இ; ஈ; பிறகு அ, ஆ; ஆ, இ; இ, ஈ; அ, ஆ, ஈ; அ, ஆ, இ; ஆ, இ, ஈ; கடைசியில் நான்கும். எண்ணிப் பாருங்கள், 10 சுற்று. முன்னே 6, பின்னே 10. தாக்குபவர் எந்தப் பக்கம் சௌகரியமோ அந்தப் பக்கமிருந்துதான் வருவார், உங்களிடம் அனுமதி கேட்க மாட்டார். ஆகவே 16 சுற்று போதும் என்ற என் பழைய முடிவு அசட்டுத்தனம். 32 என்பது பத்தின் மூன்று மடங்கை ஒட்டி, நாலின் மடங்காக எடுத்த எண். அதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இதை அப்படியே ஆவணத்தில் எழுதுங்கள்.

சாவி அட்டவணை

எட்டுச் சாவி வார்த்தைகளை மாற்றி மாற்றி அப்படியே போட்டால் வேகம்தான், ஆனால் ஒவ்வொரு எட்டுச் சுற்றும் அச்சு அசலாக ஒன்றாகிவிடும். அலெக்ஸ் பிர்யுகோவும் டேவிட் வாக்னரும் 1999-இல் காட்டிய சறுக்குத் தாக்குதல் இந்த ஒற்றுமையைத்தான் பிடித்துக்கொள்கிறது. சுற்றை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. 1994-இல் வீலரும் நீடமும் தந்த ‘டீ’ என்ற குட்டி சைஃபர் சுற்றுக்கு ஒரு மாறிலியைக் கூட்டி அதைத் தவிர்த்தது, ஆனால் ஒவ்வொரு சாவிக்கும் அதே வேலையைச் செய்யும் இன்னும் மூன்று சாவிகள் அதில் உண்டு. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் டீயை ஹாஷாக (தகவலின் கைரேகை எடுக்க) பயன்படுத்தியபோது அந்தக் குறையே பூட்டை உடைக்கும் வழியானது.

தறிக்கு இப்படி வைப்போம். சாவி வார்த்தைகள் எட்டும் ஒரு வளையத்தில். ஒவ்வொரு அடியிலும், கடைசி வார்த்தையோடு (அடி எண் × 40503) கூட்டி, கலக்கியில் விட்டு, முதல் வார்த்தையோடு எக்ஸோர் செய்து, அதைக் கடைசிக்கு அனுப்பு. அந்தப் புதிய வார்த்தைதான் சுற்றுச் சாவி. முதல் 16 அடியைச் சும்மா ஓட்டிவிட்டு, 17 முதல் 48 வரையுள்ள 32 அடியின் விளைவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடியையும் பின்னோக்கித் திருப்பலாம். எனவே இரண்டு வெவ்வேறு சாவிகள் ஒரே சுற்றுச் சாவி வரிசையை ஒருபோதும் தராது. வளையத்துக்குச் சுற்று முகவரி இருக்கிறது, எதையும் நகர்த்த வேண்டியதில்லை.

40503 எங்கிருந்து வந்தது? 65536-ஐப் பொன் விகிதத்தின் 0.618…-ஆல் பெருக்கி, பின்னத்தை வெட்டியது. டீயும் ஆர்சி5-உம் இதன் 32 பிட் வடிவத்தைப் பயன்படுத்தின. சும்மா மனதில் தோன்றிய எண்ணைப் போட்டால், ‘இந்த எண்ணில் ஏதாவது கள்ளக்கதவு இருக்குமோ’ என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.

சிப்பில் ஏற்றுதல்

முதல் சுற்றைக் கையால் போடுவோம். சுற்றுச் சாவிகளைத் தற்காலிகமாக 0 என்று வைத்து, அ = 4660, மற்றவை 0. த = 4660; 2த + 1 = 9321; பெருக்கினால் 4,34,35,860. மேல் பாதி 662, கீழ்ப் பாதி 51028, எக்ஸோர் 50626. சுற்று முடிவில் நான்கும்: 50626, 0, 0, 4660. இரண்டாம் சுற்றில் 50626 × 35717. மேல் பாதி 27591, கீழ்ப் பாதி 5066, எக்ஸோர் 30733. நான்கும்: 30733, 0, 4660, 50626.

இப்போது சிப் செய்யும் குறும்புகளைப் பாருங்கள். சி54-இல் எஃப்ஆர்சிடி என்று ஒரு நிலை பிட் இருக்கிறது. குரல் வடிகட்டிகளில் எண்களைப் பின்னங்களாக எண்ணுவார்கள், அதற்கு வசதியாக அந்த பிட் 1 ஆக இருந்தால் ஒவ்வொரு பெருக்கலும் இடப்பக்கம் ஒரு பிட் நகர்ந்து வரும். அப்போது நம் முதல் சுற்று: மேல் பாதி 1325, கீழ்ப் பாதி 36520, எக்ஸோர் 35717. வர வேண்டியது 50626. போர்டில் பூட்டித் திறந்தால் எல்லாம் சரி, கணினியோடு ஒப்பிட்டால் குப்பை. என் கதை இதுதான்.

ஓவிஎம் என்ற பிட் இன்னும் விஷமம். விடை 32 பிட் குறியுள்ள எண்ணின் எல்லையைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு வராமல் உச்சியிலேயே நிறுத்திவிடும். ஒலி பெருக்கும்போது கரகரப்பு வராமலிருக்க அது தேவை. சைஃபருக்கு அது விஷம். உச்சியில் நின்ற விடையின் இரு பாதி 32767-உம் 65535-உம். எக்ஸோர் செய்தால் 32768. பெரிய விடைகள் எல்லாம் அந்த ஒரே எண்ணாகச் சுருங்கிப் போகும். அப்போதும் பூட்டித் திறந்தால் சரியாக வரும், ஆனால் கலக்கி பாதி செத்திருக்கும்.

மூன்றாவது, குறி. த = 32769-ஐக் குறியுள்ள பெருக்கலில் விட்டால் சிப் அதை −32767 என்று படிக்கும். மும்மடங்கு −98301. கீழ்ப் பாதி அதே 32771தான், மேல் பாதி மட்டும் 1-க்குப் பதில் 65534. கலக்கியின் விடை 32770-க்குப் பதில் 32765. கீழ்ப் பாதி பொருந்துவதால் ‘எல்லாம் சரி’ என்று ஏமாறுவது சுலபம். குறியில்லாப் பெருக்கலுக்குத் தனிக் கட்டளை இருக்கிறது, அதைக் கூப்பிடுங்கள். இந்த வகைப் பிழை பெரியவர்களையும் விடவில்லை: கடவுச்சொல் ஹாஷ் செய்யும் கிரிப்ட்-புளோஃபிஷ் நிரலில், எழுத்தைக் குறியுள்ள எண்ணாகப் படித்த பிழை 1998 முதல் 2011 வரை யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

சி மொழியில் எழுதினால் தப்பலாம் என்றால் அதுவும் இல்லை. இரண்டு 16 பிட் குறியில்லா எண்களைப் பெருக்கும் அதே வரி, சி54-இல் ‘இன்ட்’ 16 பிட் என்பதால் மேல் பாதியைத் தொலைத்துவிடும். கணினியில் ‘இன்ட்’ 32 பிட் குறியுள்ளது என்பதால், பெரிய எண்களுக்கு மொழியின் விதிப்படி விடைக்கு உத்தரவாதமே கிடையாது. பெருக்கும் முன்பே ஒரு பக்கத்தை 32 பிட் குறியில்லா எண்ணாக மாற்றிவிடுங்கள். இரண்டு இடத்திலும் அது போதும்.

சரி, நிலை பிட்டுகளை நிரலின் தொடக்கத்தில் ஒரு முறை சரியாக வைத்துவிட்டால் முடிந்ததா? என் போர்டில் அதற்கப்புறமும் சில ஆயிரம் பிளாக்குக்கு ஒன்று கெட்டது, அதுவும் மைக் இணைத்திருந்தால் மட்டும். காரணம் இன்டரப்ட், அதாவது ஓடும் நிரலை நிறுத்தி வைத்து சிப் வேறு அவசர வேலைக்குப் போவது. சி54-இல் இன்டரப்ட் வந்தால் சிப் தானாகச் சேமிப்பது திரும்பிப் போக வேண்டிய முகவரியை மட்டுமே. நிலைப் பதிவகங்களைச் சேமிப்பது எழுதுபவர் பொறுப்பு. ஒலி வாங்கும் நிரல் பாதிச் சுற்றில் புகுந்து, எஃப்ஆர்சிடியை 1 ஆக்கி, வடிகட்டியை ஓட்டிவிட்டு, அப்படியே போய்விடும். அந்த ஒலி நிரலை எழுதியதும் நான்தான் என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை.

பெரிய சி6000 சிப்களுக்குப் போனால் வேறு கணக்கு. ஒரே சைக்கிளில் எட்டுக் கட்டளை வரை போகும், ஆனால் நினைவகத்திலிருந்து எடுத்த எண் கைக்கு வர நாலு சைக்கிள் பொறுக்க வேண்டும். ஒரு பிளாக்கை மட்டும் ஓட்டினால் பாதி நேரம் சும்மா நிற்கும். மூன்று நான்கு பிளாக்குகளைப் பின்னிப் பின்னி ஓட்டுங்கள். அங்கே கேஷ் (அண்மையில் எடுத்ததை வேகமாகத் தரும்) நினைவகமும் உண்டு. அட்டவணை பார்க்கும் சைஃபர்கள் அதன் வழியாக, ஓடும் நேரத்தில், ரகசியத்தைக் கசியவிடும். தறியில் அட்டவணை இல்லை, கிளை இல்லை, எனவே இந்தக் கவலை இல்லை.

எழுதி வைப்பது

டிஇஎஸ் 1977-இல் அமெரிக்கத் தரமாக வந்தபோது அதன் எஸ்-பெட்டிகளின் (ஓர் எண்ணுக்குப் பதில் வேறு எண் தரும் அட்டவணைகள்) எண்கள் அச்சில் இருந்தன, ஏன் அந்த எண்கள் என்பது இல்லை. அரசாங்கம் கள்ளக்கதவு வைத்திருக்கிறது என்ற சந்தேகம் வருடக் கணக்கில் ஓடியது. வேறுபாட்டுத் தாக்குதலைத் தாங்கத்தான் அவை அப்படி வடிவமைக்கப்பட்டன என்று, அதை வடிவமைத்த ஐபிஎம் குழுவில் இருந்த டான் காப்பர்ஸ்மித் விளக்கியது 1994-இல். வடிவமைப்பு நன்றாகவே இருந்தது. காரணத்தை எழுதாததற்கு 17 வருட வட்டி.

ஆகவே இரண்டு ஆவணம் எழுதுங்கள், கலக்காமல். முதலாவது வரையறை: உங்கள் நிரலைப் பார்க்காமல் ஒருவர் இதை மட்டும் படித்து வேறு மொழியில் எழுத முடிய வேண்டும். ‘கூட்டு’ என்று மட்டும் எழுதக் கூடாது. எந்த எண்ணின் மீதி, குறி உண்டா இல்லையா என்று எழுத வேண்டும். பைட்டுகள் வார்த்தைகளில் எந்த வரிசையில் ஏறும் என்பது பைட்டே இல்லாத சிப்பில் இன்னும் முக்கியம். தறியில் முதல் பைட் அ-வின் மேல் பாதி என்று நான் வைத்துக்கொள்கிறேன். ஏஇஎஸ் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்த சர்ப்பென்ட்டையே ஆளுக்கொரு பைட் வரிசையில் எழுதி, ஒன்றோடொன்று பேசாத நிரல்கள் உலவின.

இரண்டாவது காரண ஏடு. ஏன் 32, ஏன் மேல் பாதி, ஏன் 40503, சாவியால் பெருக்காதது ஏன், 181 சின்ன எண்கள், பின்னே 10 சுற்று. கைவிட்ட வழிகளையும் எழுதுங்கள். நீங்களே குறைந்த சுற்றுகளை உடைக்க முயன்று எத்தனை வரை போனீர்கள் என்பதும் இங்கேதான் வரும். 64 பிட் பிளாக்கின் எல்லையையும் மறைக்காதீர்கள்: ஒரே சாவியில் 32 ஜிபி அளவுக்குப் போனால் பிளாக்குகள் ஒன்றோடொன்று மோத (பூட்டிய இரண்டு பிளாக் ஒரே எண்ணாக அமைய) தொடங்கும் என்பதை 2016-இல் ஸ்வீட்32 தாக்குதல் நடைமுறையில் காட்டியது. விநாடிக்கு 8,000 பைட் குரலில் அந்த அளவை எட்ட ஏறத்தாழ 50 நாள் விடாமல் பேச வேண்டும். வீடியோ என்றால் சில மணி நேரம் போதும். சாவியை எப்போது மாற்றுவது என்று ஓர் எண் எழுதுங்கள், அந்த எல்லைக்கு வெகு கீழே.

சோதனை எண்கள் வரையறையின் பகுதி, பின்னிணைப்பு அலங்காரம் இல்லை. 2001-இல் வந்த ஏஇஎஸ் தர ஆவணம் ஓர் எடுத்துக்காட்டை ஒவ்வொரு சுற்றின் இடைநிலையோடும் அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். விடை மட்டும் இருந்தால் ‘தப்பு’ என்று தெரியும், இடைநிலை இருந்தால் ‘முதல் சுற்றிலேயே தப்பு’ என்று தெரியும். எண்களைத் தேர்ந்தெடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. எஃப்ஆர்சிடி பிழையை 4660 பிடிக்கும், ஆனால் குறிப் பிழை அதில் தெரியாது, அதற்கு 32769 வேண்டும். ஓவிஎம் பிழைக்கு விடை 2,147,483,647-ஐத் தாண்டும் த ஒன்று வேண்டும். மேலே இரண்டாம் சுற்றில் வந்த 50626 அதற்கு உதவாது, அதன் விடை 180 கோடிதான். எல்லா பிட்டும் 0, எல்லா பிட்டும் 1 என்ற சாவிகளையும் சேருங்கள். கூடவே, விடையையே மறுபடி உள்ளீடாகக் கொடுத்து 10,000 முறை ஓட்டி, கடைசி எண்ணை மட்டும் பதிவது ஒரு நல்ல சோதனை. அபூர்வமாக வரும் இன்டரப்ட் பிழை அதில் மாட்டும். மைக்கை இணைத்து வைத்து ஓட்டுங்கள்.

எண்களை டிஎஸ்பி நிரலிலிருந்து எடுத்து ஆவணத்தில் ஒட்டாதீர்கள். கணினியில் மெதுவான, நேரான ஒரு நிரலை வரையறையைப் பார்த்து எழுதி அதிலிருந்து எடுங்கள். முடிந்தால் நண்பர் ஒருவரிடம் வரையறையை மட்டும் கொடுத்து, நிரலைக் காட்டாமல், வேறு மொழியில் எழுதச் சொல்லுங்கள். அவர் போன் செய்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஆவணத்தில் விட்டுப்போன ஒரு வரி. என் நண்பர் கேட்ட முதல் கேள்வி, ‘அடி எண் 0-இல் தொடங்குதா, 1-லயா?’ நான்கு பக்க ஆவணத்தில் நான் அதை எழுதவே இல்லை. 1-இல்.